பொறியாளர் சங்கத்தின் பணமும் நிகழ்ச்சிகளும்: புதிய பொருளாளருக்கு முழுமையான வழிகாட்டி

வேலூரில் பதிவு பெற்ற ஒரு பொறியாளர் சங்கத்தில் சில ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். எனக்குப் பின் வந்த மூன்று பேருக்குக் கணக்கை ஒப்படைத்து, கூடவே உட்கார்ந்து பழக்கியும் விட்டேன். மூவரும் கட்டடக் கணக்கில் கெட்டிக்காரர்கள். ஆனால் மூவரும் இடறிய இடங்கள் ஏறக்குறைய ஒன்றே: எந்த வேலையை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்ற வரிசை.

அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவான, ஆண்டு வரவு சில லட்சம் ரூபாய் உள்ள சங்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வரிப் பிரிவு, படிவ எண்களை 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படியே தந்திருக்கிறேன். ஆடிட்டர்கள் பேச்சில் அந்த எண்கள்தான் புழங்குகின்றன. 2026 ஏப்ரல் 1 முதல் வரும் வருமானத்துக்கு 2025ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். எண்கள் மாறும் என்பதால் தாக்கல் செய்யும்போது ஆடிட்டரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பதிவுச் சான்றிதழ், துணை விதிகள், சங்கத்தின் பெயரில் பான் அட்டை, 12ஏபி (சங்கத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிக் கழிவு) பதிவு ஆணைகள், தீர்மானப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, ரொக்கப் புத்தகம், பேரேடு, எண்ணிட்ட ரசீதுப் புத்தகங்கள், கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கைகள், வருமான வரித் தளத்தின் கடவுச்சொல். இவ்வளவும் பழைய பொருளாளரிடமிருந்து பட்டியல் போட்டு, இருவரும் கையெழுத்திட்டு வாங்குங்கள்.

பயன்படுத்தாத ரசீதுப் புத்தகங்களின் எண்களையும் அந்தப் பட்டியலில் எழுதுங்கள். ஒரு புத்தகம் எங்கே போனது என்று தெரியாமல் இருப்பது, சங்கத்தின் பெயரில் யாரோ எங்கோ பணம் வாங்கலாம் என்பதற்குச் சமம்.

12ஏபி, 80ஜி ஆணைகளில் முதலில் பார்க்க வேண்டியது காலாவதித் தேதி. தற்காலிகப் பதிவு மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே. அது முடிவதற்கு ஆறு மாதம் முன்போ, செயல்பாடு தொடங்கிய ஆறு மாதத்துக்குள்ளோ, இரண்டில் எது முந்தியதோ அதற்குள் 10ஏபி படிவத்தில் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேதியை யாரும் கவனிக்காமல் விட்டு, வரிவிலக்கை இழந்த சங்கங்கள் உண்டு. பதவியேற்ற அன்றே இந்த இரண்டு தேதிகளையும் செயலாளரின் கைப்பேசியிலும் உங்கள் கைப்பேசியிலும் நினைவூட்டலாகப் போடுங்கள்.

2. வங்கிக் கையெழுத்தை முதல் வாரத்தில் மாற்றுங்கள்

தேர்தல் முடிந்து மாலை போட்ட மறுநாளே நிகழ்ச்சி வேலையில் இறங்கிவிடுகிறோம். வங்கிக் கணக்கில் கையெழுத்து மட்டும் பழைய ஆட்களிடம் இருக்கும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டிய நாளில்தான் அது தெரியவரும்.

வரிசை இதுதான்: பொதுக்குழுத் தேர்தல் தீர்மானம், புதிய நிர்வாகிகள் விவரத்தை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்தல், அந்தத் தாக்கலின் நகலோடும் செயற்குழுத் தீர்மானத்தோடும் வங்கிக்குப் போதல். நடுவில் உள்ளதை விட்டுவிட்டு நேராக வங்கிக்குப் போனால் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து என்று தீர்மானத்தில் தெளிவாக எழுதுங்கள். ஒருவர் வெளியூர் போனாலும் வேலை நிற்காது. ஒருவரே பணம் எடுக்கவும் முடியாது.

கூடவே, சங்கத்தின் கணக்கோடு இணைந்த கியூஆர் அட்டை ஒன்றை வங்கியிடம் வாங்கிவிடுங்கள். பொருளாளரின் சொந்த எண்ணுக்கு யூபிஐயில் சந்தா வாங்குவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. அந்தப் பணம் பொருளாளரின் சொந்த வரவாகவே வங்கிப் பதிவில் நிற்கும். வீட்டு மளிகைச் செலவோடு கலந்த சந்தாவைப் பிரித்தெடுக்க ஒரு பொங்கல் விடுமுறை முழுவதும் ஒருவரோடு உட்கார்ந்திருக்கிறேன். அவர் ஒரு ரூபாயைக்கூடத் தொடாதவர்; ஆனாலும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவராகிவிட்டார்.

3. பணத்தை நான்காகப் பிரியுங்கள்

வங்கி இருப்பில் 4 லட்சம் இருந்தால் 4 லட்சமும் செலவுக்கு என்று நினைக்காதீர்கள். சங்கத்துக்கு வரும் பணம் நான்கு வகை. நான்குக்கும் பேரேட்டில் தனித்தனிப் பக்கம் வேண்டும்.

முதலாவது ஆண்டுச் சந்தா. இதுதான் தாராளமாகச் செலவழிக்கக்கூடியது: அலுவலக வாடகை, தபால், மாதாந்தரக் கூட்டம்.

இரண்டாவது மூலநிதி. ஒருவர் "இதை மூலநிதியில் சேர்க்கவும்" என்று எழுதித் தந்த நன்கொடை இதில் வரும். அந்த எழுத்து முக்கியம். வாய்ச்சொல்லாக இருந்தால் ஆடிட்டர் சாதாரண நன்கொடையாகவே எடுப்பார். மூலநிதிப் பணம் 11(5) பிரிவு அனுமதிக்கும் முதலீட்டில், மூலநிதி என்ற பெயரில் தனியாக இருந்தால்தான் விலக்கு கிடைக்கும். வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு போன்றவை அதில் அடங்கும். சீட்டு, கைமாற்று, தெரிந்தவர் நிறுவனத்தில் போட்ட டெபாசிட் இவற்றுக்கு இடமில்லை. "நம்ம ஆள்தான், இரண்டு வட்டி தருகிறார்" என்று செயற்குழுவில் யார் சொன்னாலும், எழுந்து நின்று மறுக்க வேண்டியது பொருளாளரின் கடமை.

மூன்றாவது, குறிப்பிட்ட நோக்கத்துக்கு வந்த பணம். மாணவர் பரிசுக்கு என்று கொடுத்ததை மாணவர் பரிசுக்கே செலவழிக்க வேண்டும். அந்த ஆண்டு போட்டி நடக்கவில்லையா, பணம் அப்படியே அடுத்த ஆண்டுக்குப் போகட்டும்.

நான்காவது விளம்பரப் பணம், அதாவது ஸ்பான்சர் தொகை. இதைப் பற்றி 6ஆம் பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஆயுள் சந்தா இந்த நான்கில் எங்கே போகும்? என் கருத்தில் அதை மூலநிதியைப் போலவே கருத வேண்டும். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயுள் சந்தா 5,000 ரூபாய், வைப்பு வட்டி 7 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 350 ரூபாய் வரும். ஒரு உறுப்பினருக்கு இதழ், தபால், பொதுக்குழுச் சாப்பாடு என்று ஆண்டுக்கு 600 ரூபாய் ஆகிறது என்றால், ஒவ்வொரு ஆயுள் உறுப்பினராலும் சங்கத்துக்கு ஆண்டுதோறும் 250 ரூபாய் குறைகிறது. 200 ஆயுள் உறுப்பினர்கள் என்றால் 50,000. வட்டி மட்டும் வரும் நிலையிலேயே இப்படி. அசலையும் செலவழித்துவிட்டால் பத்து ஆண்டு கழித்து வரும் நிர்வாகிகளுக்கு உறுப்பினர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். ஆயுள் சந்தாவை உயர்த்துங்கள், அல்லது இதழை மின்னஞ்சலில் அனுப்பிச் செலவைக் குறையுங்கள். இரண்டில் ஒன்றைச் செய்யாமல் உறுப்பினர் சேர்க்கை முகாம் நடத்தாதீர்கள்.

4. பட்ஜெட்டுக்கு முன் நாள்காட்டி

பெரும்பாலான சங்கங்களில் பட்ஜெட்டை முதலில் போடுகிறார்கள்: "நிகழ்ச்சிச் செலவு 1,50,000" என்று ஒரே வரி. எந்த நிகழ்ச்சி, எந்த மாதம் என்று தெரியாமல் போட்ட எண்ணுக்குப் பொருளில்லை. மார்ச் மாதத்திலேயே அடுத்த ஆண்டின் நாள்காட்டியைச் செயற்குழுவில் முடிவு செய்யுங்கள். பட்ஜெட் அதிலிருந்து தானாக வரும்.

நம் ஊருக்கு நாள்காட்டி போடும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு.

ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த நாட்களில் களப் பயணம் வேண்டாம். ஏசி அரங்கில் மாலை 6 மணிக்குச் சொற்பொழிவு வைக்கலாம். மோர்தானா அணை, வாலாஜா அருகே பாலாற்று அணைக்கட்டு போன்ற இடங்களுக்கு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி வாக்கில் போங்கள். தண்ணீர் இருக்கும்போது பார்த்தால்தான் மாணவர்களுக்கு மதகும் கலிங்கும் விளங்கும். நீர்வளத் துறையிடம் எழுத்து அனுமதிக்கு ஒரு மாதம் முன்பே மனு கொடுங்கள். ராணிப்பேட்டை பெல் (பாரத மிகுமின் நிறுவனம்) போன்ற ஆலைகளைப் பார்ப்பதற்கும் வருவோரின் பெயர்ப் பட்டியலோடு முன்கூட்டியே எழுத வேண்டும்.

பெரிய கருத்தரங்குக்குக் கல்யாண மண்டபம் வேண்டும் என்றால் ஆடியையோ மார்கழியையோ பாருங்கள். முகூர்த்தம் இல்லாத மாதங்கள் என்பதால் மண்டபம் கிடைக்கும், வாடகையிலும் பேரம் பேசலாம். ஆவணியிலும் தை மாதத்திலும் அதே மண்டபத்துக்கு ஆறு மாதம் முன்பே ஆள் இருப்பார்கள். ஆடிக் கிருத்திகை அன்று மட்டும் வைக்காதீர்கள். ரத்தினகிரி, வள்ளிமலை போகும் கூட்டத்தில் பேருந்து கிடைக்காது. போளூர், ஆரணி பக்கமிருந்து உறுப்பினர்கள் வருவார்கள் என்றால் பௌர்ணமியையும் தவிருங்கள். கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலைத் தடப் பேருந்துகள் நிரம்பி வழியும்.

கொத்தனார், மேஸ்திரிகளுக்கான பயிற்சிக்கு அமாவாசை நாள் பொருத்தம். பல இடங்களில் அன்று கட்டட வேலைக்கு விடுமுறை. வேலை நாளில் கூப்பிட்டால் அவர்கள் ஒரு நாள் கூலியை இழந்துதான் வர வேண்டும். வரமாட்டார்கள், வராததற்கு அவர்களைக் குறை சொல்லவும் கூடாது. இந்த ஒரு மாற்றத்தால் 15 பேர் வந்த பயிற்சிக்கு 60 பேர் வந்ததை நானே பார்த்தேன்.

இன்னொன்று, செப்டம்பர் 15. விசுவேசுவரய்யா பிறந்த நாளான பொறியாளர் தினத்தை எல்லாச் சங்கங்களும் கொண்டாடுகின்றன. தணிக்கை அறிக்கையைத் தாக்கல் செய்யும் வழக்கமான கெடு செப்டம்பர் 30. பொருளாளர் செப்டம்பர் முழுக்க மேடையும் பந்தியும் பார்த்துக்கொண்டிருந்தால் அறிக்கை கெடு தாண்டும். ஆகவே தணிக்கை வேலையை ஜூலைக்குள் முடிப்பது என்று நாள்காட்டியிலேயே எழுதுங்கள். அதுவும் ஒரு நிகழ்ச்சிதான்.

5. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு தாள்

எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் அதற்கென ஒரு தாள் எழுதுங்கள். செயற்குழு அதை ஏற்றுத் தீர்மானம் போட்ட பிறகே முன்பணம் கொடுங்கள். தாளில் செலவு இரண்டு பிரிவாக இருக்கட்டும்: எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவு, தலைக்கு ஆகும் செலவு.

ஒருநாள் பயிலரங்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மண்டபம் 12,000, சென்னையிலிருந்து வரும் பேச்சாளரின் ரயில், அறை, மதிப்பூதியம் 10,000, மைக்செட்டும் புரொஜெக்டரும் 5,000, ஃப்ளெக்ஸ், அச்சு 3,000. மாறாத செலவு 30,000. சாப்பாடும் இரண்டு வேளைத் தேநீரும் 220, பை, குறிப்பேடு, பேனா 80. தலைக்கு 300.

புதியவர் போடும் கணக்கு: 100 பேர் வருவார்கள், மொத்தச் செலவு 60,000, ஆகவே கட்டணம் 600. வந்தது 60 பேர். வரவு 36,000, செலவு 48,000, நட்டம் 12,000.

சரியான கேள்வி, எத்தனை பேர் வந்தால் கைக்காசு போகாது என்பது. கட்டணம் 700 என்றால் ஒருவரிடமிருந்து 400 மிஞ்சும். 30,000ஐ 400ஆல் வகுத்தால் 75 பேர். 75 பேர் வருவது சந்தேகம் என்றால் மாறாத செலவைக் குறைக்க வேண்டும்: கல்லூரி அரங்கைக் கேட்டால் மண்டபச் செலவே இருக்காது. காட்பாடி, பாகாயம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளோடு சேர்ந்து நடத்தினால் மாணவர்களும் வருவார்கள். சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக் கணக்கைச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். அதில் மிஞ்சுவது கொஞ்சம். வந்தவர் அடுத்த முறை வரமாட்டார்.

சமையல்காரரிடம் சொல்லும் எண்ணிக்கை, பணம் கட்டியவர்களின் எண்ணிக்கையாக இருக்கட்டும். "வருகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் கை உயர்த்தியவர்களை எண்ணாதீர்கள்.

இலவசமாகவே நடத்த வேண்டிய நிகழ்ச்சிகளும் உண்டு. மேஸ்திரி பயிற்சிக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அப்படியென்றால் அதன் செலவு எந்த வரவிலிருந்து வரும் என்பதைத் தாளிலேயே எழுதுங்கள்.

6. பணம் வாங்கும்போது

பணம் எந்த வழியில் வந்தாலும் அன்றே ரசீது. நன்கொடை என்றால் பெயர், முகவரி, பான் எண் மூன்றையும் அப்போதே வாங்குங்கள். நன்கொடையாளர் பட்டியலை 10பிடி படிவத்தில் மே 31க்குள் தாக்கல் செய்து, அவரவருக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். அது இல்லாமல் அவர்களுக்கு 80ஜி கழிவு கிடைக்காது. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். "பான் எண்ணைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்று விட்டவர்கள் மே மாத வெயிலில் ஒவ்வொருவராகத் தேடி அலைந்திருக்கிறார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் 80ஜி கழிவு இல்லை என்பதை நன்கொடையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

விளம்பரத்தையும் நன்கொடையையும் குழப்புவது அடுத்த தவறு. சிமெண்ட் விற்பவர் 25,000 தருகிறார், அவர் பெயர் மேடைப் பதாகையில் வருகிறது, வாசலில் அவருக்கு ஒரு மேசையும் உண்டு. இது விளம்பரக் கட்டணம். இதற்கு 80ஜி ரசீது கொடுக்கக் கூடாது. ஒரு முறை அப்படிப் பணம் தந்த ஒருவர் நன்கொடை ரசீதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அப்போது வருத்தமாக இருந்தது, பிறகு அதுவே சரி என்று தெரிந்தது.

இதற்கு உச்சவரம்பும் உண்டு. பொறியாளர் சங்கங்களின் நோக்கம் பெரும்பாலும் "பொதுப் பயன்பாட்டு நோக்கம்" என்ற வகையில் வரும். அந்த வகைச் சங்கத்துக்கு வணிகத் தன்மையுள்ள வரவு, அந்த ஆண்டின் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த ஆண்டுக்கான வரிவிலக்கே போகும். ஆண்டு வரவு 6 லட்சம் என்றால் 1,20,000 எல்லை. விளம்பரப் பணத்தைத் தனிப் பக்கத்தில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்: ஒவ்வொரு மாதமும் அந்த விகிதத்தைப் பார்க்க முடியும்.

ஜிஎஸ்டியில், அறிவியல், கல்வி போன்றவற்றை வளர்க்கும் இலாப நோக்கமற்ற அமைப்பு தன் உறுப்பினரிடம் ஆண்டுக்கு 1,000 ரூபாய் வரை வாங்கும் சந்தாவுக்கு விலக்கு உண்டு. சேவைகளின் மொத்த மதிப்பு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு தேவை. பெரிய மாநாடு நடத்தும் ஆண்டில் இதைக் கவனிக்காமல் விடாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய உறுப்பினர்கள் அன்போடு பணம் அனுப்ப முன்வருவார்கள். முதலில் கேட்க வேண்டியது அவர் எந்த நாட்டுக் குடிமகன் என்று. இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்று ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருப்பவர் என்றால் அது வெளிநாட்டு நன்கொடைதான், அவர் பிறந்தது குடியாத்தமாகவே இருந்தாலும். அதை வாங்க எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி வேண்டும். பதிவுக்கு மூன்று ஆண்டுச் செயல்பாடும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய்ச் செலவும் காட்ட வேண்டும். பணமும் புது தில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில்தான் வந்து சேர வேண்டும். சிறிய சங்கத்துக்கு இது எட்டாது. நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். ஊருக்கு வரும்போது ஒரு சொற்பொழிவு தரச் சொல்லுங்கள்.

7. பணம் கொடுக்கும்போது

ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு தர்ம நோக்கச் செலவாக ஏற்கப்படாது. சமையல்காரர் ரொக்கம்தான் வேண்டும் என்பார். ஒப்பந்தம் பேசும்போதே வங்கி வழியாகத்தான் என்று சொல்லிவிடுங்கள்; பந்தி முடிந்த பிறகு சொன்னால் சண்டையாகும்.

ஒப்பந்தக்காரருக்கு ஒரே பில் 30,000ஐத் தாண்டினாலோ, ஆண்டில் மொத்தம் 1 லட்சத்தைத் தாண்டினாலோ டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வரி) பிடிக்க வேண்டும். தனிநபர் என்றால் 1 சதவீதம். பிடிக்காமல் விட்டால் அந்தச் செலவில் 30 சதவீதம் தர்ம நோக்கச் செலவுக் கணக்கில் ஏறாது. டான் எண் (வரி பிடிப்பவருக்கான எண்) வாங்காத சங்கங்கள் இங்கேதான் மாட்டுகின்றன.

8. பதினைந்து நாளில் நிகழ்ச்சிக் கணக்கை மூடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் பின்பற்றுவீர்கள் என்றால், இதைப் பின்பற்றுங்கள். நிகழ்ச்சி முடிந்த பதினைந்து நாளுக்குள் தாளின் மறுபக்கத்தில் உண்மை வரவு செலவை எழுதி, பில்களை இணைத்து, செயற்குழுவில் படித்துவிடுங்கள்.

நிகழ்ச்சியை நடத்தியவர் கையில் முன்பணம் இருக்கும். பில் அவர் ஸ்கூட்டர் பெட்டியில் இருக்கும். பதினைந்து நாளில் அவருக்கு எல்லாம் நினைவிருக்கும். மூன்று மாதம் கழித்துக் கேட்டால், தன் பணத்தில் செலவழித்த உழைப்பாளிகூடச் சந்தேகப்படுவதாக நினைத்து மனம் புண்படுவார். முந்தைய முன்பணத்துக்குக் கணக்கு வராமல் அடுத்த முன்பணம் இல்லை என்று விதியாகவே தீர்மானம் போட்டுவிட்டால், பொருளாளர் யாரையும் முகம் பார்த்துக் கேட்க வேண்டியதில்லை.

9. பிப்ரவரியில் 85 சதவீதக் கணக்கு

ஆண்டு வருமானத்தில் குறைந்தது 85 சதவீதத்தைச் சங்கத்தின் நோக்கங்களுக்குச் செலவழிக்க வேண்டும். 6 லட்சத்துக்கு 5,10,000. மார்ச் 31 கடந்து தெரிந்தால் பயனில்லை. பிப்ரவரி முதல் வாரத்தில் கூட்டிப் பாருங்கள். குறைவு இருந்தால் மார்ச் மாதத்தில் நூலகத்துக்குப் புத்தகம், மேஸ்திரி பயிற்சிக்குக் கருவிகள் என்று உண்மையிலேயே தேவையானதை வாங்க அவகாசம் இருக்கும்.

பில் வந்தால் மட்டும் போதாது, பணம் மார்ச் 31க்குள் உண்மையில் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். கொடுக்க வேண்டிய பாக்கி இந்த 85இல் சேராது.

பெரிய வேலைக்காகச் சேர்த்துவைக்கிறீர்கள் என்றால் படிவம் 10 மூலம் ஐந்து ஆண்டு வரை ஒதுக்கிவைக்கலாம். தீர்மானத்தில் "சங்க நோக்கங்களுக்காக" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். "மண் பரிசோதனைக் கூடம் அமைக்க 1,10,000 ரூபாய், மூன்று ஆண்டுக்குள்" என்று வேலையையும் தொகையையும் காலத்தையும் எழுதுங்கள்.

10. தணிக்கை, தாக்கல், பொதுக்குழு

ஏப்ரலில் வங்கி அறிக்கையோடு ரொக்கப் புத்தகத்தை ஒத்துப் பாருங்கள். மே 31க்குள் 10பிடி. ஜூலைக்குள் தணிக்கை. செப்டம்பர் 30க்குள் தணிக்கை அறிக்கை. வெளிநாட்டுப் பணம் இல்லாத சிறிய சங்கத்துக்குப் பொதுவாக 10பிபி படிவம். அக்டோபர் 31க்குள் வருமான வரிக் கணக்கு, அதாவது ஐடிஆர் 7. தணிக்கை செய்த கணக்கும் உறுப்பினர் பட்டியலும் மாவட்டப் பதிவாளருக்கும் ஆண்டுதோறும் போக வேண்டும். வரித் துறைக்குத் தாக்கல் செய்துவிட்டு இதை மறந்துபோகும் சங்கங்கள் பல. நான்கைந்து ஆண்டுப் பாக்கியை ஒன்றாகத் தூக்கிக்கொண்டு பதிவாளர் அலுவலகப் படியேறுவது, புதிய நிர்வாகிகள் தாக்கலுக்குப் போகும்போதுதான் நேர்கிறது.

பொதுக்குழுவில் இருப்புநிலைக் குறிப்பை மட்டும் வாசித்தால் யாருக்கும் எதுவும் விளங்காது. நிகழ்ச்சித் தாள்களை ஒரே பக்கத்தில் தொகுத்து அச்சிட்டு, நாற்காலிதோறும் வைத்துவிடுங்கள்: நிகழ்ச்சி, வந்தவர் எண்ணிக்கை, வரவு, செலவு, மிச்சம் அல்லது நட்டம். நட்டம் வந்த நிகழ்ச்சியை முதல் வரியில் போடுங்கள். அதைப் பற்றித்தான் கேட்பார்கள். பில்கள் இணைத்த தாள் உங்கள் கையில் இருக்கும்.